நுண்ணுயிரிக்கும் சோறு போட வேண்டும்

கேள்வி: நச்சு உலோகங்களைத் தின்று நீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றனவாமே! அப்படியானால் ஆலைக் கழிவால் கெட்ட நிலமும் நீரும் காலப்போக்கில் தானாகவே சரியாகிவிடும் என்று நம்பலாமா? (வாசகர், வாணியம்பாடி)

பதில்: 'தானாகவே' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆலைக் கழிவைப் பற்றி இப்பக்கத்தில் எழுதும்போதெல்லாம், நல்ல மழை பெய்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். இப்போது மழையின் இடத்தில் பாக்டீரியா வந்து நிற்கிறது.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மையே. 1976இல் பெல்ஜியத்தின் லியேஜ் அருகே ஒரு துத்தநாக ஆலையின் கழிவுத் தொட்டிச் சேற்றிலிருந்து, இன்று 'குப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ்' எனப்படும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். பிற நுண்ணுயிரிகள் மடிந்துபோகும் அளவுக்குத் துத்தநாகமும் காட்மியமும் உள்ள இடத்தில் அது வாழ்கிறது. உள்ளே நுழையும் உலோக அயனிகளை அதன் உறையிலுள்ள புரதங்கள் ஓயாமல் வெளியே இறைத்துத் தள்ளுவதே காரணம். பாக்டீரியா பிழைத்துக்கொள்கிறது; உலோகம் வெளியே நீருக்கே திரும்புகிறது. தாங்குவது வேறு, நீக்குவது வேறு. பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் பல அதை ஆவியாக்கி அனுப்பிவிடுகின்றன. நீரைவிட்டுப் போனது காற்றில் கலக்கிறது. உலோகம் தனிமம் ஆகையால் எந்த உயிராலும் அதை இல்லாமல் செய்ய முடியாது. கரைவதைக் கரையாததாக மாற்றலாம், அவ்வளவே.

அந்த மாற்றத்துக்கும் ஆள் வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ரைஃபிளில், பழைய யுரேனிய ஆலை இருந்த இடத்தின் நிலத்தடி நீரில் 2002இல் அசிடேட்டை (வினிகரிலுள்ள அமிலத்தின் உப்பை) செலுத்தினார்கள். அதை உண்டு ஜியோபாக்டர் பாக்டீரியாக்கள் பெருகின. கரைந்திருந்த யுரேனியம் கரையாத வடிவுக்கு மாறி மண்ணில் தங்கியது. சில வாரங்களில் நீரில் அதன் அளவு வெகுவாகக் குறைந்தது. பிறகு, சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் வேறு பாக்டீரியாக்கள் மேலோங்கவே, யுரேனியம் மீண்டும் ஏறத் தொடங்கியது. அதே வகைச் சல்ஃபேட் பாக்டீரியாக்களை நெதர்லாந்தின் பூடல் துத்தநாக ஆலை 1992இல் கலனில் வளர்த்து வேலை வாங்கியது. எத்தனாலை உண்டு அவை வெளியிட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு, மாசுபட்ட நிலத்தடி நீரின் துத்தநாகத்தைச் சல்ஃபைடாகப் படியவைத்தது. படிந்ததை அள்ளி உலைக்கே திருப்பி அனுப்பினார்கள். இதில் என்னை ஈர்ப்பது அந்த அள்ளும் வேலைதான், ஏனெனில் நம் பேச்சில் எப்போதும் விடுபடுவது அதுவே.

உங்களுக்கு அருகிலுள்ள ராணிப்பேட்டையையே பாருங்கள். 1990களில் மூடப்பட்ட குரோமேட் (குரோமிய உப்பு) ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைக் குவித்துவிட்டுப் போனது. நச்சு மிகுந்த, எளிதில் கரையும் குரோமியம்-6ஐ, அதைவிடத் தீங்கு குறைந்த, எளிதில் கரையாத குரோமியம்-3 ஆக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றை ஆராய்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால், குவியலைத் திறந்தவெளியில் விட்டுவைத்து, ஒவ்வொரு மழைக்கும் புதிதாகக் குரோமியம் கீழிறங்க இடங்கொடுத்தால், எத்தனை கோடி பாக்டீரியாக்கள் உழைத்தும் கிணறு தேறாது. குவித்தவரிடம் செலவை வாங்கிக் குவியலை அப்புறப்படுத்துவது அரசின் வேலை.

ஆகவே நம்பிக் காத்திருக்காதீர்கள். உங்கள் பகுதிக் கிணறுகளில் குரோமியம்-6 எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுதிக் கேளுங்கள். வரும் பதிலை அனுப்பிவையுங்கள்; இதே பக்கத்தில் முழுமையாக வெளியிடுகிறேன்.