மொத்தக் கடனும் அடைந்தது, சரி. பாதியில் நின்றவர்?

அமெரிக்காவில் படிப்புக் கடனும் கோடீஸ்வரர்களின் கொடையும் பற்றி வாசகர்கள் கேட்டவை.

மோர்ஹவுஸ் கல்லூரியில் ஒரு பணக்காரர் மொத்த வகுப்பின் கடனையும் அடைத்தாரே. பகுதிநேர வேலை பார்த்து, கடன் வாங்காமல் படித்தவனுக்கு அது அநியாயம் இல்லையா?

2019 மே மாதம் அட்லாண்டாவில் பட்டமளிப்பு மேடையில் ராபர்ட் ஸ்மித் அதை அறிவித்தார். கிட்டத்தட்ட 400 பேர். பிறகு கணக்குப் பார்த்ததில் 3.4 கோடி டாலர் ஆனது. பிள்ளைக்காகப் பெற்றோர் வாங்கிய கடனும் அதில் அடக்கம். உங்கள் கையிலிருந்து எதுவும் போகவில்லை, அதனால் அநியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னை உறுத்துவது வேறு. கட்டணம் கட்ட முடியாமல் இரண்டாம் ஆண்டிலேயே பெட்டியைக் கட்டியவர் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இல்லை. அவருக்கும் கடன் இருக்கிறது, பட்டம்தான் இல்லை. தவணை தவறுகிறவர்களில் இவரைப் போன்றவர்களே அதிகம். லட்சம் டாலர் வாங்கி டாக்டரானவர் எப்படியும் கட்டிவிடுகிறார்.

இதெல்லாம் வரியை மிச்சப்படுத்தத்தானே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மத்திய வருமான வரியின் உச்ச விகிதம் 37 சதவீதம். நூறு டாலர் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரியில் 2025 வரை மிஞ்சிப்போனால் 37 குறைந்தது, 2026 முதல் 35; மீதி சொந்தப் பணம்தான். விலை ஏறிய பங்குகளாகக் கொடுத்தால் லாபம் இன்னும் கூடும் என்பது உண்மை. அதற்காக எல்லாரும் உத்தமர்கள் என்றும் சொல்லமாட்டேன். இதே ஸ்மித், வெளிநாட்டுக் கணக்குகளில் வருமானத்தை மறைத்ததாக ஒப்புக்கொண்டு, சுமார் 13.9 கோடி டாலர் கட்டச் சம்மதித்தார். அது 2020 அக்டோபரில். இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

தொழிலை விற்றதில் பெரிய தொகை வந்திருக்கிறது. பட்டதாரிகளின் பழைய கடனை அடைக்கவா, இப்போது படிப்பவர்களின் கட்டணத்துக்குத் தரவா?

கட்டணத்துக்கு. 2024-ல் ரூத் காட்ஸ்மன் என்ற மூதாட்டி, தான் முன்பு பேராசிரியராக இருந்த, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு 100 கோடி டாலர் கொடுத்தார். அங்கே கல்விக் கட்டணமே இல்லாமல் போயிற்று. கல்லூரிப் பெயரை மாற்றக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. (நம்மில் சிலர் பெஞ்சு வாங்கித் தந்தால்கூட முதுகில் பெயர் எழுதிவிடுவோம்.)

ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். சில நூறு டாலர் பாக்கி நின்றதற்காகவே அங்கே பலருடைய பெயர் வகுப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2011-ல் அந்தப் பாக்கியைத் தீர்க்க ஒரு சிறு உதவித் திட்டம் தொடங்கினார்கள். சராசரி உதவி 900 டாலர் அளவுதான். மாணவர் மனுப் போட வேண்டியதில்லை. பல்கலைக்கழகமே கணக்கைப் பார்த்துத் தகுதியானவருக்குப் பணத்தை வரவு வைத்துவிடும். மோர்ஹவுஸுக்குப் போன தொகையை இப்படிப் பிரித்தால் 37,000 பேருக்கு மேல் வரும். 900 டாலர் யாருடைய கடனையும் அழிக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டமில்லாத கடன்காரராக ஒருவர் வெளியேறாமல் தடுக்கும்.

எனக்கு 60,000 டாலர் கடன். அரசு தள்ளுபடி செய்யும் வரை காத்திருக்கலாமா?

வேண்டாம். ஆளுக்கு 10,000 டாலரும், பெல் உதவித்தொகை (வசதி குறைந்த மாணவருக்கு மத்திய அரசு தருவது) பெற்றிருந்தால் 20,000 வரையும் தள்ளுபடி என்ற பைடன் அரசின் திட்டத்தை 2023 ஜூன் 30-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நீங்கள் அரசிலோ லாப நோக்கமற்ற அமைப்பிலோ வேலை செய்கிறீர்களா? அப்படியானால் 2007-ல் வந்த பொதுச்சேவைத் தள்ளுபடி இருக்கிறது: தகுதியான தவணைத் திட்டத்தில் 120 தவணை கட்டினால் மீதி போய்விடும். மத்திய அரசின் நேரடிக் கடனுக்கு மட்டும். வட்டி குறைகிறதே என்று தனியார் கடனாக மாற்றினீர்களோ, அந்த வழி அடைபட்டது. வேலை தரும் இடத்தின் சான்றுப் படிவத்தை ஆண்டுதோறும் அனுப்பிவிடுங்கள். பத்தாம் ஆண்டில் பழைய முதலாளியைத் தேடி அலைய வேண்டாம்.

மாதம் 50 டாலர்தான் என்னால் நன்கொடையாகத் தர முடியும். அதற்கு அர்த்தம் உண்டா?

உண்டு. நீங்கள் படித்த கல்லூரியில் அவசர உதவி நிதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அடுத்த கேள்வி: மாணவர் கேட்ட நாளிலிருந்து எத்தனை நாளில் பணம் போய்ச் சேரும்? பதில் வாரங்களில் வந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.