நண்பரை சிபாரிசு பண்ணலாமா? – கடிதம்

வணக்கம் சார்,

கணக்கு பத்தி எழுதற உங்க நண்பரை எல்லாரும் படிங்கன்னு போன வாரம் சொல்லியிருந்தீங்க. நண்பர்ங்கறதாலதானே? நண்பனை நண்பனே தூக்கிப் பேசினா வாசகன் எப்படி நம்பறது? நானும் ரொம்ப வருஷமா சிறுகதை எழுதறேன், படிக்க ஆள் இல்ல. சொல்லிவிட எனக்கு இப்படி ஒரு நண்பர் இல்லாததுதான் காரணம்னு தோணுது. தப்பா நினைக்காதீங்க.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தப்பா நினைக்கல. ஆமா, நண்பர்ங்கறதாலதான் சொன்னேன், வேற யாரைச் சொல்றது? ஒரு ஆள் எழுதினதுல நல்லது, சுமார், குப்பை எல்லாத்தையும் உக்காந்து படிச்சிருக்கறவன் நண்பன் மட்டும்தான்.

இதுக்கு நன்னூல்லயே அனுமதி இருக்கு சார். ஒரு நூலுக்கு சிறப்புப்பாயிரம், அதாவது நூலை அறிமுகப்படுத்தற முன்னுரை, யார் யார் சொல்லலாம்னு அதுல வருது: ஆசிரியர், கூடப் படிச்சவன், மாணவன், உரை எழுதறவன். "தன்னொடு கற்றோன்"னு அப்பட்டமா போட்டிருக்கு. அடுத்த சூத்திரத்துலயே, என்னதான் பெரிய நூல் செஞ்சாலும் தன்னைத் தானே புகழக்கூடாதுன்னு வாயைக் கட்டிடறாங்க. அப்ப வேற யாராவது சொல்லித்தானே ஆகணும்? (1855ல வால்ட் விட்மன் தன் கவிதைப் புத்தகத்துக்கு பேர் போடாம தானே விமர்சனம் எழுதி பத்திரிகைல வரவச்சாரு, அவர் நன்னூல் படிக்கல, விட்ருவோம்.)

தொல்காப்பியத்துக்கே பாயிரம் எழுதினது பனம்பாரனார், தொல்காப்பியரோட ஒண்ணாப் படிச்சவர்னுதான் மரபு. "வடவேங்கடம் தென்குமரி"ன்னு மேடைக்கு மேடை முழங்கறோமே, அது தொல்காப்பியர் எழுதினதில்ல, கூடப் படிச்சவர் எழுதின சிபாரிசோட முதல் வரி.

இப்ப நான் சண்டை போட வேண்டிய இடத்துக்கு வரேன். பாயிரத்துல என்னென்ன இருக்கணும்னு நன்னூல் எட்டு விஷயம் சொல்லுது: எழுதினவன் பேர், வழி, எல்லை, நூலோட பேர், யாப்பு, உள்ள இருக்கற பொருள், கேட்போர், பயன். இந்த எட்டுல "அருமை" எங்கயாவது இருக்கா? "அவசியம் படிங்க" இருக்கா? பனம்பாரனாரும் புகழத்தான் செய்யறார், ஆனா எந்த எல்லைக்குள்ள வழங்கற மொழி, எதையெல்லாம் பாத்து செஞ்சது, எந்த அவையில யார் முன்னாடி அரங்கேறிச்சுன்னு எல்லாத்தையும் சொல்லிட்டுப் புகழறார். நாம என்னடான்னா வெறும் புகழ்ச்சிய மட்டும் வச்சிகிட்டு மிச்சத்தை தூக்கிப் போட்டுட்டோம். அதுலயும் "கேட்போர்"னு ஒண்ணு இருக்கு பாருங்க, இது யாருக்கு, யாருக்கு இல்லைன்னு சொல்றது, அதைச் சொல்லாம சிபாரிசு பண்றவன் வாசகனோட நேரத்தைத் திருடறான், எழுதினவனுக்கும் துரோகம் பண்றான்.

என் நண்பர் ஒருத்தர் ஒரு கூட்டத்துல என் நாவலை வானத்துக்கும் பூமிக்கும் புகழ்ந்து தள்ளினாரு. கீழ இறங்கி வந்ததும் ஆசையா அந்த அக்கா சாவு எப்படி வந்திருக்குன்னு கேட்டேன். "எந்த அக்கா?"ன்னாரு. திட்டிட்டுப் போயிருந்தாகூட அவ்ளோ வலிச்சிருக்காது.

அதனால போன வாரம் சொன்னதை ஒழுங்கா திருப்பிச் சொல்றேன். என் நண்பர் எழுதறது ஸ்கூல்ல கணக்கைக் கண்டு பயந்து ஓடினவங்களுக்கு. கணக்கு தெரிஞ்சவங்களுக்கு போரடிக்கும். முதல் ரெண்டு பாரா இழுப்பார், சந்திப்பிழை நிறைய இருக்கும். ஆனா பகா எண்களுக்கு முடிவே கிடையாதுன்னு யூக்ளிட் காட்டினதை அவர் சொல்லிப் படிச்சப்ப, பேனாவை எடுத்து நானே ஒரு தடவை போட்டுப் பாத்தேன், நான் கணக்குல பார்டர் பாஸ். இதை நம்பறதும் நம்பாததும் ஒரு பக்கம் படிச்சாத் தெரிஞ்சிடும். நீங்க படிச்சீங்களா? கடிதம் முழுக்கத் தேடிட்டேன், அதைப் பத்தி ஒரு வரி இல்ல. அடுத்தவன் எழுத்தைத் திறந்துகூடப் பாக்காம, என்னை யாரும் படிக்கலன்னு வருத்தப்படறது என்ன நியாயம்?

கோவிச்சுக்காதீங்க, படிக்க ஆளில்லாம வருஷக்கணக்கா எழுதறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்க கதைல மூணு அனுப்புங்க, மூணே மூணு. கூட எழுதற யாராவது ஒருத்தர்கிட்ட முதல்ல குடுங்க, அவர் கதையை நீங்க வாங்கிப் படிங்க. இது யாருக்கான கதைன்னு அவரை ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லி அதையும் சேத்து அனுப்புங்க. "அருமை"ன்னு இருந்தா அந்த வரியை அடிச்சிட்டு அனுப்புங்க.