முந்நூறு கோப்பு, ஒரே வேலை: கியூஜிஐஎஸ் கேள்வி-பதில்

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து களைத்து, பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொண்டால்தான் தப்பிக்க முடியுமா என்று கேட்பவர்கள்தான் இந்த முறை அதிகம். பலருக்கு அது தேவையே இல்லை என்பது என் கட்சி. கேள்விகளை வரிசையாகப் பார்ப்போம்.

என்னிடம் 300-க்கு மேல் கிராம ஷேப்ஃபைல்கள் (வரைபடத் தரவுக் கோப்புகள்) இருக்கின்றன. எல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகையில். மீட்டரில் அளக்கும் யூடிஎம் அமைப்புக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து சேமித்து, நாற்பதாவது கோப்பிலேயே கை வலிக்கிறது. (திண்டுக்கல் வாசகி)

கையை ஓய்வாக வைத்துக்கொள்ளுங்கள். ப்ராசஸிங் டூல்பாக்ஸில், ஆள்கூற்று அமைப்பை மாற்றும் 'ரீப்ரொஜெக்ட் லேயர்' கருவியைத் திறந்தால், அடியில் 'ரன் ஆஸ் பேட்ச் ப்ராசஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். பல வருடம் கியூஜிஐஎஸ்ஸில் வேலை செய்தவர்கள்கூட அதை அழுத்திப் பார்த்ததில்லை. அழுத்தினால் ஒரு அட்டவணை விரியும், வரிசைக்கு ஒரு கோப்பு. உள்ளீட்டுப் பத்தியின் தலையில் உள்ள 'ஆட்டோஃபில்' மூலம் கோப்புறையிலிருந்து எல்லாக் கோப்புகளையும் ஒரேயடியாக இழுத்துக்கொள்ளலாம். முதல் வரிசையில் இலக்கு அமைப்பைக் கொடுத்துவிட்டு 'ஃபில் டவுன்' சொன்னால் கீழே உள்ள எல்லா வரிசைக்கும் அதுவே இறங்கிவிடும். வெளியீட்டுப் பெயரைக் கேட்கும்போது, உள்ளீட்டுக் கோப்பின் பெயரையே பின்னால் ஒட்டிக்கொள்ளச் சொல்லலாம். முடிந்ததும் லேயர்களை (வரைபட அடுக்குகளை) ஏற்றும் டிக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 300 லேயரும் திரையில் வந்து குவிந்து, நீங்கள் டீ குடித்துவிட்டு வரும்வரை கணினி மூச்சுவிடாது.

ஆனால் உங்கள் ஊரில் வேறொரு சிக்கல் இருக்கிறது. யூடிஎம்மில் 43-ஆம் மண்டலமும் 44-ஆம் மண்டலமும் பிரிவது 78 பாகை தீர்க்கரேகையில். அது உங்கள் மாவட்டத்தின் நடுவே போகிறது. பழனி 43-இல், நத்தம் 44-இல். கிராமத்துக்குக் கிராமம் மண்டலத்தை மாற்றினால் பின்னால் சேர்க்கும்போது வதைதான். மாவட்டம் முழுவதற்கும் ஒன்றையே எடுங்கள். பெரும்பகுதி மேற்கே இருப்பதால் நான் 43-ஐ, அதாவது இபிஎஸ்ஜி என்ற குறியீட்டுப் பட்டியலில் 32643-ஐ எடுப்பேன். நத்தம் பக்கம் நீளத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு மீட்டர் கூடுதலாகக் காட்டும். உங்கள் வேலைக்கு அது பொருட்டல்ல என்றே நினைக்கிறேன். எல்லைக்கல் நடும் வேலை என்றால் சொல்லுங்கள், அது வேறு பேச்சு.

இன்னொன்று. சில கோப்புகளுடன், எந்த அமைப்பு என்று சொல்லும் பிஆர்ஜே கோப்பு வந்திருக்காது. அவற்றுக்கு முதலில் 'அசைன் ப்ரொஜெக்ஷன்', அப்புறம்தான் 'ரீப்ரொஜெக்ட்'. முன்னது டப்பாவின் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டுவது, பின்னது உள்ளே இருக்கும் பொருளையே மாற்றுவது. மஞ்சள்தூள் டப்பாவில் மிளகாய்த்தூள் என்று ஒட்டிவிட்டால் சாம்பார் காரமாகிவிடாது. முந்நூறையும் ஓட்டுவதற்கு முன்னால் மூன்று கோப்பை மட்டும் ஓட்டி, செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஏரிக்கரை ஏரிக்கரை மேலேயே விழுந்தால் சரி.

மாற்றிய பிறகு கிராமப் பெயர்கள் சிலவற்றில் கேள்விக்குறிகளாகவும், சிலவற்றில் பாதியில் வெட்டுப்பட்டும் வருகின்றன. (அதே வாசகி, இரண்டு நாள் கழித்து)

எதிர்பார்த்தேன். ஷேப்ஃபைல் தமிழுக்காகப் பிறந்தது அல்ல. பத்தியின் பெயருக்கு அதில் 10 பைட், உள்ளே எழுத்துக்கு 254 பைட், அவ்வளவுதான் இடம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் தேவை. உயிர்மெய்யில் மெய்யும் துணைக்குறியும் தனித்தனிக் குறிகள். 'கிருஷ்ணகிரி' என்று எழுத 11 குறி, ஆக 33 பைட். 'கிராமம்' என்று பத்திக்குப் பெயர் வைத்தால் 21 பைட் வேண்டும், இருப்பதோ பத்து. 'கிர' வரை நின்றுவிடும்.

எழுத்து சிதைவதற்குப் பெரும்பாலும் காரணம் சிபிஜி என்ற குட்டிக் கோப்பு. எந்தக் குறியாக்கம் என்று அதில்தான் எழுதியிருக்கும். பென் டிரைவில் கோப்பு கொண்டுவருபவர்கள் எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் மூன்றை மட்டும் எடுத்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். லேயர் ப்ராப்பர்ட்டீஸில் 'சோர்ஸ்' பகுதியில் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றிப் பாருங்கள். கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தவை தமிழாகத் திரும்பிவிடும். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் மீட்க வழியில்லை, மூலக் கோப்புக்குத்தான் போக வேண்டும். வெறும் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று இருந்தால் அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு. அதற்கு எழுத்துரு மாற்றி தேவை.

நிரந்தர மருந்து, ஷேப்ஃபைலுக்குப் பதிலாக ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவம். ஒரே கோப்பு, நீளத் தொல்லை இல்லை, தமிழ்ப் பத்திப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும். 'பேக்கேஜ் லேயர்ஸ்' கருவி உங்கள் 300 கோப்புகளையும் ஒரே ஜியோபேக்கேஜுக்குள் அடுக்கிவிடும். மூலத்தை அழிக்காதீர்கள்.

ஒவ்வொரு மாதமும் கிணறுகளின் பட்டியல் வருகிறது. ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் 30 மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் எத்தனை மலசலகூடக் குழிகள் என்று எண்ண வேண்டும். ஐந்து படிகள், மாதாமாதம் ஒன்றை மறந்துவிடுகிறேன். வட்டமும் ஒரு முறை உலகப் படம் முழுக்கப் பரவிவிட்டது. (யாழ்ப்பாணம்)

உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் எளிது. உங்கள் லேயர் பாகையில் இருந்திருக்கிறது. 30 மீட்டர் என்று நீங்கள் நினைத்தீர்கள், அது 30 பாகை என்று எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்திலிருந்து 30 பாகை என்றால் மேற்கே சோமாலியா, கிழக்கே வியட்நாம். வட்டம் போடும் பஃபர் கருவியில் தூரத்துக்குப் பக்கத்தில் அலகு என்ன என்று எழுதியிருக்கும். 'டிகிரீஸ்' என்று இருந்தால் கூடவே ஒரு மஞ்சள் எச்சரிக்கை முக்கோணமும் நிற்கும். அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட வேண்டும். உங்களுக்கு இலங்கை கிரிட் 1999, இபிஎஸ்ஜி 5235, மீட்டரில் இருக்கிறது.

மறதிக்கு மருந்து, படிகளைக் கோத்து ஒரே கருவியாக்கும் 'மாடல் டிசைனர்'. இடப்பக்கம் உள்ளீடுகளும் கருவிகளும் இருக்கும். இழுத்து வெள்ளைப் பலகையில் போட்டு ஒன்றோடொன்று இணைப்பதுதான் வேலை. உங்கள் வரிசை இப்படி வரும்: பட்டியலிலிருந்து புள்ளிகள் உருவாக்குதல், ரீப்ரொஜெக்ட், பஃபர், 'கவுன்ட் பாயின்ட்ஸ் இன் பாலிகன்'. குழிகளின் லேயருக்கும் ஒரு ரீப்ரொஜெக்ட் போட்டுவிடுங்கள், அது எந்த அமைப்பில் வந்தாலும் கவலையில்லை. பஃபரில் 'டிஸால்வ்' டிக்கைப் போட்டுவிடாதீர்கள். போட்டால் அடுத்தடுத்த வட்டங்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், எந்தக் கிணற்றுக்கு எத்தனை குழி என்று பிரிக்க முடியாது. கடைசிப் படிக்கு மட்டும் வெளியீட்டுப் பெயர் கொடுங்கள். நடுவில் உள்ளவை தற்காலிகமாக வந்து போகும்.

தூரத்தை மாடலுக்குள் 30 என்று ஆணியடித்துவிடாமல் ஒரு 'நம்பர்' உள்ளீடாக வையுங்கள். நாளைக்கு மேலிடம் 50 கேட்கும், கட்டாயம் கேட்கும். கிணறுகள், குழிகளுக்குப் பதிலாக நிலத்துண்டுகளோடு வேலை செய்பவர்கள் முதல் படியாக 'ஃபிக்ஸ் ஜியோமெட்ரீஸ்' போட்டுக்கொள்வது நல்லது. தன்னையே வெட்டிக்கொள்ளும் ஒரே ஒரு பலகோணம் மொத்த ஓட்டத்தையும் நிறுத்திவிடும்.

புது நிலத்துண்டை வரையும்போதே பரப்பு சென்ட்டில் தானாக விழ வேண்டும். முடியுமா?

முடியும், ஒரு வரிதான். லேயர் ப்ராப்பர்ட்டீஸில் 'அட்ரிபியூட்ஸ் ஃபார்ம்' போய், பரப்புப் பத்திக்கு 'டீஃபால்ட் வேல்யூ' இடத்தில் டாலர் குறியுடன் வரும் 'ஏரியா'வை 40.4686-ஆல் வகுத்து எழுதுங்கள். ஒரு சென்ட் அத்தனை சதுர மீட்டர். 'அப்ளை ஆன் அப்டேட்' டிக்கையும் போட்டால் எல்லையை நகர்த்தும்போதெல்லாம் எண்ணும் மாறும்.

இதில் நான் வழுக்கி விழுந்த இடத்தைச் சொல்கிறேன். டாலர் ஏரியா, ப்ராஜெக்ட்டில் தேர்ந்தெடுத்திருக்கும் பரப்பு அலகையே மதிக்கும். யாரோ ஒருவர் அதை ஹெக்டேருக்கு மாற்றி வைத்திருந்த கணினியில் உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்க வரைந்தேன். 25 சென்ட் நிலமெல்லாம் 0.0025 சென்ட் ஆகிவிட்டது. மாற்றியவர் யார் என்று தேடியதில், போன வாரம் அதே கணினியில் உட்கார்ந்த நானேதான்.

இதே இடத்தில் 'ஓவர்லே வித்தின்' எழுதி, புள்ளி எந்தக் கிராமத்துக்குள் விழுகிறதோ அந்தப் பெயரையும் தானாக நிரப்பலாம். அது பட்டியலாகத் தரும், முதல் உறுப்பை மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தனி வரைபடம், பிடிஎஃப்பாக வேண்டும். 180 துண்டுகள் இருக்கின்றன.

இது 'அட்லஸ்' வேலை. பிரிண்ட் லேஅவுட்டில் ஒரே ஒரு பக்கம் நன்றாக அமையுங்கள். அட்லஸ் பகுதியில் நிலத்துண்டு லேயரை 'கவரேஜ் லேயர்' ஆக்கி, வரைபடச் சட்டத்துக்கு 'கன்ட்ரோல்டு பை அட்லஸ்' டிக் போட்டால் 180 பக்கமும் தயார். தலைப்பில் [% %] குறிகளுக்கிடையே பத்திப் பெயரை எழுதினால் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தந்தப் புல எண் வரும். அளவுகோலை மென்பொருளிடம் விட்டுவிட்டால் 1:873 என்று எதையாவது போட்டு வைக்கும், சர்வேயர் முகம் சுளிப்பார். ப்ராஜெக்ட்டில் 500, 1000, 2000 என்று அளவுகளைக் கொடுத்துவிட்டு, அட்லஸில் முன்கூட்டிக் கொடுத்த அளவைத் தேர்ந்தெடுக்கும் வசதியைப் போடுங்கள். இருப்பதில் பொருந்துவதை அது எடுத்துக்கொள்ளும்.

கோப்பின் பெயரில்தான் நம் ஊர்ப் பிரச்சினை வருகிறது. உட்பிரிவு 112/3ஏ என்று இருக்கும். அந்தச் சாய்கோட்டைக் கணினி கோப்புறைப் பிரிப்பாக நினைத்துக்கொண்டு, 112 என்ற கோப்புறைக்குள் 3ஏ என்ற கோப்பைப் போடப் பார்க்கும். பெயருக்கான எக்ஸ்பிரஷனில் (சூத்திரத்தில்) 'ரீப்ளேஸ்' செய்து சாய்கோட்டைச் சிறுகோடாக மாற்றுங்கள். கூடவே கிராமக் குறியீட்டையும் முன்னால் சேருங்கள். 45-ஆம் புல எண் எல்லாக் கிராமத்திலும் இருக்கும், ஒரே பெயரில் இரண்டு கோப்பு மோதிக்கொள்ளும். ஏற்றுமதி முடிந்ததும் கோப்புறையில் 180 இருக்கிறதா என்று எண்ணிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

எக்செல் பட்டியலை வரைபடத்தோடு இணைத்தால் சில புல எண்கள் மட்டும் சேர மறுக்கின்றன.

எக்செல்லில் அந்தப் பத்தியைப் பாருங்கள். 3/2 என்று நீங்கள் அடித்தது பிப்ரவரி 3 ஆகியிருக்கும். எண் அடிப்பதற்கு முன்பே பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றியிருக்க வேண்டும். அப்புறமாக மாற்றினால் ஐந்து இலக்க எண் ஒன்று வந்து நிற்கும். சிஎஸ்வி என்ற வெறும் உரைக் கோப்பாக ஏற்றும்போது 'டிடெக்ட் ஃபீல்டு டைப்ஸ்' டிக்கை எடுத்துவிட்டால் 007 என்பது 7 ஆகாமலும் இருக்கும்.

சரி, அப்படியானால் பைத்தான் எப்போதுதான் வேண்டும்?

'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று கிளை பிரியும்போது. கோப்புப் பெயரில் 'பழையது' என்று இருந்தால் விட்டுவிடு, பத்தி இல்லாவிட்டால் உருவாக்கு, இந்த மாதிரி. தொடங்குவதற்குப் புத்தகம் வேண்டாம். வேலையை ஒரு முறை கையால் செய்யுங்கள். ப்ராசஸிங் மெனுவில் 'ஹிஸ்டரி' திறந்து, செய்த வரியில் வலது சொடுக்கு சொடுக்கினால் 'காப்பி ஆஸ் பைத்தான் கமாண்ட்' வரும். ஓடிய, வேலை செய்த, உங்கள் கோப்புப் பாதையோடு கூடிய நிரல் அது. அதைச் சுற்றி ஒரு 'ஃபார்' சுழற்சி போட்டால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

இணையத்திலும் ஏஐ அரட்டையிலும் கிடைக்கும் நிரலை அப்படியே ஒட்டுவதற்கு முன் ஒன்று பாருங்கள். 2018-இல் வந்த 3.0 பதிப்பில் பல பழைய பெயர்கள் போய்விட்டன. 'மேப் லேயர் ரெஜிஸ்ட்ரி' என்று எங்காவது கண்ணில் பட்டால் அது 2-ஆம் பதிப்புக் காலத்துச் சரக்கு, ஓடாது.

இரவில் தானாக ஓட வைக்க முடியுமா?

'கியூஜிஐஎஸ் ப்ராசஸ்' என்று ஒரு கட்டளை மென்பொருளோடே வருகிறது, திரையே திறக்காமல் கருவிகளையும் உங்கள் மாடல்களையும் ஓட்டும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் அதை ஒரு பேட்ச் கோப்பாகப் போட்டால் போதும். பகலில் ஓடி இரவில் ஓடாவிட்டால் முதலில் கோப்புப் பாதையைப் பாருங்கள். அலுவலகச் சர்வரை 'இசட்' டிரைவ் என்று இணைத்து வைத்திருப்பீர்கள். நீங்கள் உள்நுழையாத நேரத்தில் அந்த டிரைவ் இருக்காது. சர்வரின் முழுப் பாதையையே எழுதிவிடுங்கள்.