வீட்டை விட்டு நகர முடியாதவர்கள் எந்த வெளிநாட்டு ஊர்களைக் கனவு காண்கிறீர்கள்? அந்தக் கனவு ஆறுதல் தருகிறதா, ஏக்கத்தைக் கூட்டுகிறதா?

சைகோன், ரீயூனியன் தீவு, இத்தாலியில் உள்ள அரெஸ்ஸோ. இதே வரிசையில். பாரிஸ் என் பட்டியலில் கிடையாது. அதற்கும் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

ஆறுதலா, ஏக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊரைக் கனவு காண்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பேன். சுவிட்சர்லாந்துப் பனி, துபாய்க் கட்டடம் என்று கண்ணில் படுவதற்கெல்லாம் ஆசைப்பட்டால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். நான் வைத்திருக்கும் விதி ஒன்றே: அந்த ஊருக்கும் புதுச்சேரிக்கும் ஏதாவது கொடுக்கல் வாங்கல் இருந்திருக்க வேண்டும். ஆளோ, சரக்கோ, சாமியோ, ஏதோ ஒன்று இங்கிருந்து அங்கேயோ அங்கிருந்து இங்கேயோ போயிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரைப் பற்றி யோசிக்கும்போது அந்நிய வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கும் கூச்சம் இருப்பதில்லை.

என் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு முத்தியால்பேட்டையில். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் மெதுவாகத் திரும்பி வந்திருக்கிறது. கணவர் காலையில் சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். மகளுக்குக் கோவையில் வேலை. வில்லியனூரில் இருக்கும் நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தால் நான் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்வருவேன், முடிந்தால் கடற்கரைச் சாலையில் கொஞ்சம் நடப்பேன். என் உலகத்தின் எல்லை அவ்வளவுதான். பாஸ்போர்ட் இருக்கிறது. அதில் ஒரு முத்திரைகூட இல்லை.

பாரிஸை ஏன் விட்டேன் என்றால், அது ஒவ்வொரு ஜூலையிலும் எங்கள் தெருவுக்கே வந்துவிடுகிறது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பள்ளி விடுமுறைக்குத் திறக்கும். திறந்ததும் வாசனைத் திரவியம், சாக்லெட், அங்கே வாடகை எவ்வளவு என்ற பேச்சு. லா ஷப்பேல் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் எந்தக் கடையில் முருங்கைக்காய் கிடைக்கும், அங்குள்ள மாணிக்க விநாயகர் கோயில் தேர் ஆகஸ்ட் கடைசியில் எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதெல்லாம் எனக்கு இங்கிருந்தே அத்துப்படி. முருங்கைக்காய் வாங்க ஒருவர் அத்தனை தூரம் போக வேண்டுமா? கூடவே, "நீ இன்னும் எங்கேயும் போகவில்லையா?" என்று வருடம் தவறாமல் கேட்பவர்களும் அந்த வீட்டுக்காரர்கள்தாம். பாரிஸ் மேல் எனக்குள்ள மனத்தாங்கலில் பாதி அந்தக் கேள்வியால் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சைகோன் விஷயம் வேறு. அத்தை, அதாவது என் மாமியார், பிறந்ததே அங்கேதான். அவருடைய அப்பா அங்கே சுங்க அலுவலகத்தில் எழுத்தர். அது அந்தக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்குப் பழகிய பாதை. தென் வியட்நாமின் ஒரு பகுதி 1862-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அதை நிர்வாகம் செய்ய பிரெஞ்சு தெரிந்த, சட்டம் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1881-இல் ஓர் ஆணை வந்தது: தங்கள் சாதி, மத வழக்கப்படியான உரிமையியல் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வர விரும்பும் இந்தியர் பதிவு செய்துகொள்ளலாம். அப்படித் துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் வைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் சில குடும்பங்களுக்குப் பிரெஞ்சுப் பெயர் இருப்பதன் காரணம் இதுதான். அந்தக் காகிதத்தோடு சைகோனுக்குப் போனவர்கள் எழுத்தர், காவலர், வரி வசூலிப்பவர், சிப்பாய் என்று வேலையில் அமர்ந்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடையோடு போனது இன்னொரு பக்கம். 1954-இல் ஜெனீவா உடன்பாடு ஆகி பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது அத்தையின் குடும்பமும் கிளம்பியது. அதே வருடம் நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியும் இந்தியாவின் கைக்கு மாறிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கொடி மாறிய குடும்பம் என்று என் கணவர் சிரிப்பார்.

அத்தை அப்போது சிறு பெண். மூன்று விஷயங்கள் அவருக்கு நன்றாக நினைவிருக்கின்றன. மத்தியானம் சொல்லிவைத்தாற்போல் கொட்டும் மழை, காலையில் கூடையில் வரும் நீள ரொட்டி, மாரியம்மன் கோயில். அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறிய சைகோனில், பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், த்ருவாங் தின் தெருவில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பியது. இப்போது அங்கே தமிழர்கள் மிகக் குறைவு. வியட்நாமியரும் சீனரும்தான் கொத்துக் கொத்தாக ஊதுபத்தி ஏற்றி அம்மனிடம் வேண்டிக்கொள்கிறார்கள். கேட்டுவிட்டுப் போனதை அவள் கொடுக்கிறாள் என்ற பெயர் அங்கேயும் பரவிவிட்டது போலும்.

கூகுள் வரைபடத்தில் தெருவில் நின்று பார்க்கும் வசதி இருக்கிறதல்லவா, அதில் சந்தையிலிருந்து கோயில் வரை நான் பலமுறை நடந்திருக்கிறேன். ஒருநாள் அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் அந்தக் கோபுரத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கப்போகிறது என்று நான் துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். "வாசலில் இத்தனை வண்டியா?" என்றார். பிறகு, "அங்கே போய் என்ன பார்க்கப்போகிறாய்? வெயிலும் மழையும் இங்கேயும்தானே இருக்கிறது?" இதுதான் சைகோனில் பிறந்தவரின் கருத்து. ஆனால் அதே அத்தைதான், நேம் செய்யும்போது அரிசித் தாளை எவ்வளவு நேரம் தண்ணீரில் நனைக்க வேண்டும் என்று படுத்த இடத்திலிருந்தே எனக்கு உத்தரவு போடுகிறார். அரிசித் தாளில் கறியும் சேமியாவும் வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் அந்தப் பண்டம், வியட்நாம் தொடர்புள்ள புதுச்சேரி வீடுகளில் எல்லா விசேஷத்துக்கும் உண்டு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அதை ஏதோ வடநாட்டுச் சமோசா வகை என்று எண்ணிக்கொண்டு கேட்காமலேயே சாப்பிட்டேன்.

சைகோனில் இறங்கிய பிறகு அங்கேயே உட்கார்ந்திருக்க மாட்டேன். ரயில் ஏறுவேன். சைகோனிலிருந்து ஹனோய் வரை 1,726 கிலோமீட்டர், முப்பது மணி நேரத்துக்கு மேல். முழுவதும் போக வேண்டாம், நடுவில் தா நாங் வரை போதும். அங்கே, முன்பு நடு வியட்நாமை ஆண்ட சம்பா அரசர்களின் சிற்பங்களுக்கென்று 1919-இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்தில் மீ சொன் என்ற பள்ளத்தாக்கில் செங்கல்லால் கட்டிய சிவன் கோயில்கள் இருக்கின்றன. யுனெஸ்கோ 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அமெரிக்கக் குண்டுகளுக்குத் தப்பியது பாதிக்கும் குறைவு என்கிறார்கள். படத்தில் அந்தச் செங்கல்லைப் பார்க்கும்போதெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. மற்ற எதற்கும் எனக்கு இப்படி ஆவதில்லை.

ரீயூனியன் இந்தியப் பெருங்கடலில் இருந்தாலும் பிரான்ஸின் ஒரு மாவட்டம். யூரோதான் செலாவணி. அடிமை முறை அங்கே 1848 டிசம்பரில் ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் போனது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1860-இல் ஒப்பந்தம் போட்டு இந்தியக் கூலிகளை அனுப்ப வழி செய்தார்கள். அதற்கு முன்பே புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பல் போய்க்கொண்டுதான் இருந்தது. போனவர்களின் வாரிசுகள் இன்றும் வீரப்பிள்ளை, முத்துசாமி என்ற மாதிரியான பெயர்களைக் குடும்பப் பெயராகச் சுமக்கிறார்கள். வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. தமிழ் போய்விட்டது, தீமிதி போகவில்லை. காவடி எடுக்கிறார்கள், சில கோயில்களில் சேவல் பலி கொடுக்கிறார்கள். அங்கே ஒரு தீமிதிக்கு நின்று பார்க்க வேண்டும், பூசாரி சொல்லும் மந்திரத்தில் ஏதாவது எனக்குப் புரிகிறதா என்று காது கொடுக்க வேண்டும். அதே தீவில் பித்தோன் த லா ஃபூர்னேஸ் என்ற எரிமலை அடிக்கடி பொங்கி வழிகிறது. அதைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும். போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடும் ஷெங்கன் எல்லைக்குள் தீவு வராது. வெறும் ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு அங்கே இறங்க முடியாது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம் உண்டு. சைகோன் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி, ரீயூனியன் ஒன்றரை மணி நேரம் பிந்தி. காலை ஆறு மணிக்கு அத்தைக்கு மாத்திரை கொடுக்கும்போது சைகோனில் ஏழரை, ரொட்டிக் கடையில் கூட்டம். ரீயூனியனில் நாலரை, கோழிகூடக் கூவியிருக்காது. உடம்பு துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றி, கஞ்சி கொடுத்து முடிப்பதற்குள் இரண்டு ஊரையும் ஒரு சுற்று பார்த்துவிடுவேன். காலை வேலை தட்டாமல் போவதற்கு இது உதவுகிறது, அவ்வளவுதான். இதற்குப் பெயர் தியானம் என்று யாராவது சொன்னால் நான் பொறுப்பல்ல.

அரெஸ்ஸோவை வேறு யாரும் பட்டியலில் வைத்திருப்பார்களா என்பது சந்தேகம். ஃபிளாரன்ஸிலிருந்து ரயிலில் போகக்கூடிய ஒரு சிறிய ஊர். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே செய்த பளபளப்பான சிவப்புத் தட்டுகளின் உடைந்த துண்டுகள் நமது அரிக்கமேட்டில் கிடைத்தன. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது காலத்தைக் கணிக்கக் கைகொடுத்தவை அந்த ஓடுகள்தாம். இத்தாலியில் அந்தத் தட்டுகளை எப்போது செய்தார்கள் என்பது தெரியும், ஆகவே அதே மண் அடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைக்கும் வயது தெரிந்துவிட்டது. துண்டுகள் சில புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அரெஸ்ஸோவில் ரோமானிய அரங்கின் இடிபாட்டை ஒட்டியே தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே முழுத் தட்டுகளும் உண்டு. நம்மிடம் துண்டு, அவர்களிடம் முழுசு. சேர்த்துப் பார்த்துவிட்டு ஒரு காபி குடித்துத் திரும்பிவிடுவேன். அரிக்கமேட்டுக்கு ஊரிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். ஆற்றங்கரையில் ஒரு பழைய இடிந்த சுவரும் மாந்தோப்பும்தான். உள்ளூர்க்காரர்களில் பாதிப் பேர் போனதில்லை, அது தனிக் கோபம்.

பயண வீடியோக்களை நான் பார்ப்பதில்லை. அவற்றில் ஊரைவிட அந்த ஆளின் முகம்தான் அதிகம் வருகிறது. ரயில் அட்டவணை, விசா விதி, அருங்காட்சியகம் எந்தக் கிழமை விடுமுறை, இவற்றைப் படிக்கிறேன். படங்கள் ஆசையைக் கிளப்பிவிட்டு நம்மை நடுத்தெருவில் விட்டுவிடுகின்றன. அட்டவணை அப்படிச் செய்வதில்லை, ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற உணர்வு வருகிறது. இந்த ஊரில் இதற்கு முன்னோடியும் இருக்கிறார். பிரெஞ்சு ஆளுநருக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ரங்கப்பிள்ளை வீதியின் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து தன் நாட்குறிப்பில் எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, எத்தனை பீரங்கி முழங்கியது என்று எழுதிக்கொண்டே இருந்தார். பிரான்ஸ் அவரிடம் கரைக்கு வந்துபோனது.

வலிக்கும் நாள்கள் இல்லாமல் இல்லை. விமான நிலையத்தில் நின்று எடுத்த படத்தை யாராவது குடும்பக் குழுவில் போட்டால் அன்றைக்குச் சாம்பாரில் உப்பு கூடிவிடும். "கவலைப்படாதே, உனக்கும் ஒருநாள் காலம் வரும்" என்பவர்களை அதைவிடப் பிடிக்காது. அந்த ஒருநாள் எப்படி வரும் என்று யோசித்துப் பார்த்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லவே மாட்டார்கள்.

நாத்தனார் மட்டும்தான் உருப்படியாகப் பேசினார். இரண்டு வாரம் லீவு போட்டு இங்கேயே வந்து தங்கி அத்தையைப் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்வா என்றார். நிஜமாகவே சொன்னாரா என்று தெரிந்துகொள்ள இரண்டு முறை கேட்டுவிட்டேன். நிஜம்தான். அதனால் சைகோனுக்கான கணக்கைப் போட்டு வைத்திருக்கிறேன். வியட்நாமுக்கு மின்விசாவை வீட்டிலிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒருமுறை நுழைய 25 டாலர், தொண்ணூறு நாள் வரை தருகிறார்கள். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே மழை இல்லை. ஆனால் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தெத் என்ற வியட்நாமியப் புத்தாண்டு வரும், அந்த வாரம் கடைகள் அடைப்பு, ரயிலில் இடமும் கிடைக்காது. ஆகவே மார்ச். நாத்தனாரின் பையனுக்கு அந்த மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்பதால் இந்த வருடம் இல்லை, அடுத்த மார்ச்.