சூளையில் சட்டி ஏன் வெடிக்கிறது? – கேள்வி பதில்

இருபத்தொரு வருடம் மேற்கே ஒரு பீங்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். இப்போது மட்டக்களப்பில், செங்கலடிப் பக்கம் சொந்தமாக ஒரு சின்னச் சூளை. ஒரு கிழமையாக வந்த கேள்விகளுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்லடித் தங்கச்சி: மூன்று தடவை சுட்டேன், மூன்று தடவையும் சட்டி வெடித்துவிட்டது. மண்ணுக்குள் காற்றுக்குமிழி என்கிறார்களே?

காற்றை விடுங்கள் தங்கச்சி, தண்ணீர்தான். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடிப்பாகத்துக்குள் ஈரம் நிற்கும். சூளை 100 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அது ஆவியாகி, போக வழியில்லாமல் சுவரைப் பிய்த்துக்கொண்டு வரும். வெடித்த துண்டுகளைப் பொறுக்கிப் பாருங்கள், அநேகமாக அடியும் சுவரும் சேர்கிற தடித்த மூலையாகத்தான் இருக்கும். சுடுவதற்கு முன் சட்டியைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் 100 பாகைக்குக் கீழேயே சூடு நிற்கட்டும்.

கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் வேறு வில்லங்கம். விளிம்பு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், அடி ஈரமாகவே கிடக்கும், சட்டி கீறும். விளிம்பை ஈரச்சாக்கால் மூடுங்கள். விளிம்பு கொஞ்சம் இறுகியதும் கவிழ்த்து வையுங்கள்.

மறுகா, சுட்டு முடிந்ததும் அவசரப்பட்டுச் சூளையைத் திறக்க வேண்டாம். மண்ணிலுள்ள குவாட்ஸ் என்ற கல்துகள் 573 பாகையில் சூடேறும்போது சட்டென்று பெருக்கும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்த நேரம் குளிர்காற்று பட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். சட்டி போய்விட்டது.

அக்கரைப்பற்று நானா: எங்கள் வாப்பா நாற்பது வருடம் வனைந்தவர். காற்றுத்தான் வெடிக்க வைக்கிறது என்பார். பிசையாத மண் வெடிக்கத்தானே செய்கிறது?

வாப்பாவின் கைக்கு என் மரியாதை, நானா. ஆனால் பிசையாத மண்ணில் கட்டியும் இருக்கும், கட்டிக்குள் ஈரமும் இருக்கும். பழி காற்றின் தலையில் விழுகிறது. நான் ஒருமுறை உள்ளே வெறுமையாக இரண்டு உருண்டை செய்தேன், ஊசித் துளைகூட விடவில்லை. ஒன்றை மூன்று கிழமை நிழலில் போட்டேன், மற்றதை அடுத்த நாளே சூளைக்குள் வைத்தேன். காய்ந்தது முழுசாக வந்தது. மற்றதைக் கூட்டி அள்ளினேன்.

அதே நானா: அப்போ பிசையவே தேவையில்லையா?

யார் அப்படிச் சொன்னது? பிசையாவிட்டால் சக்கரத்தில் சுவர் ஒரு பக்கம் இழுக்கும், குமிழி இருக்கிற இடம் சுட்டபின் வீங்கி நிற்கும். அதற்காகப் பிசைகிறோம்.

வாழைச்சேனையிலிருந்து ஒருவர்: நானா சொல்வதுதான் சரி. பள்ளிக்கூடத்திலும் துளை போடச் சொல்லித்தான் தந்தார்கள்.

துளை போட்டால் உட்பக்கம் சீக்கிரம் காயும், நல்லதுதான். துளை இல்லாமல் ஒரு உருண்டை செய்து மூன்று கிழமை காயவைத்துச் சுட்டுப் பாருங்கள், மறுகா பேசுவோம்.

களுவாஞ்சிக்குடித் தம்பி: தயிர்ச் சட்டிக்கு உள்ளே கண்ணாடி மாதிரி மெருகு பூசினால் வடிவாக இருக்குமே?

வடிவாக இருக்கும், தயிர் தண்ணி விடும். சுவர் நீரைக் குடிப்பதால்தான் நம் எருமைத் தயிர் வெட்டி எடுக்கிற பதத்துக்கு வருகிறது. அதிலும் ஈயம் கலந்த மெருகு புளிப்பில் கரையும். வேண்டாம்.

ஏறாவூரிலிருந்து: வாவிக்கரை மண் நல்லதா?

சிப்பித்தூள் இருந்தால் நல்லதில்லை. 850 பாகையளவில் அது சுண்ணாம்பாகிவிடும். சட்டியை விற்று ஒரு மாதம் கழித்து, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வீங்கி, மேல்தோலைக் காசளவு பெயர்த்துத் தள்ளும். திட்டு உங்களுக்குத்தான்.

சம்மாந்துறையிலிருந்து: தொழிற்சாலையில் சேர்ந்தால் சக்கரத்தில் உட்கார வைப்பார்களா?

பெரும்பாலும் இல்லை. பிளாஸ்டர் அச்சுக்குள் மண்கூழை ஊற்றுவீர்கள். அச்சு நீரை இழுக்க, சுவரில் படை கட்டும், போதிய தடிப்பு வந்ததும் மிச்சத்தைக் கவிழ்ப்பீர்கள். அந்தக் கூழில் பொரலஸ்கமுவ, மீட்டியாகொடப் பக்கத்துக் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும், பெல்ஸ்பார் என்ற கல்தூளும், குவாட்ஸும் இருக்கும். குவாட்ஸ் என்றால் சிலிக்கா. அந்தத் தூசியை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். நான் இருந்த இடத்தில் முதல் எட்டு வருடம் முகமூடி தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என்னோடு நின்ற இரண்டு பேர் இன்று படியேறினால் மூச்சு வாங்குகிறார்கள்.

திருக்கோவிலிலிருந்து: மண் எங்கே எடுக்கலாம்?

விற்பதற்கென்றால் புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகத்தின் அனுமதியோடு. இதையே ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள்.

கல்முனையிலிருந்து: வீட்டு அறைக்குள்ளேயே வேலை செய்யலாமா?

செய்யலாம். விளக்குமாறு வேண்டாம்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: ஐயா, என் சட்டியும் வெடிக்கிறது. காற்றுக்குமிழியா?

கன்னத்தில் வைத்துப் பார்த்தீர்களா?