மையம் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,
இடதும் இல்லாமல் வலதும் இல்லாமல் நடுவில் நிற்கும் கட்சியை ‘மையக் கட்சி’ என்கிறார்கள். இன்று ஒருவரோடும் நாளை இன்னொருவரோடும் கூட்டுச் சேரும் அவர்களுக்கென்று கொள்கை ஏதாவது உண்டா?
ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. இடதில் பாதியும் வலதில் பாதியும் எடுத்துக் கலந்தால் மையம் வந்துவிடாது. மேற்கு ஜெர்மனியின் சுதந்திர ஜனநாயகக் கட்சியைப் பாருங்கள். வரி, தொழில், அரசுச் செலவு என்று வந்தால் அது பழமைவாதிகளான கிறிஸ்தவ ஜனநாயகவாதிகளையே மிஞ்சிய வலதுசாரி. தனிமனித உரிமை, கிழக்கு ஐரோப்பாவோடு சமாதானம் என்று வந்தால் இடதுசாரிகளான சமூக ஜனநாயகவாதிகளின் பக்கம். எந்தப் பிரச்சினை முன்னால் வந்து நின்றதோ அதைப் பொறுத்து அதன் கூட்டாளி மாறினார்.

1969 தேர்தலில் கிறிஸ்தவ ஜனநாயகவாதிகளுக்கு 242 இடங்கள், சமூக ஜனநாயகவாதிகளுக்கு 224. வெறும் 5.8 சதவீத வாக்கும் 30 இடங்களும் பெற்ற இந்தச் சிறு கட்சி, இரண்டாவதாக வந்த சமூக ஜனநாயகவாதிகளின் தலைவர் வில்லி பிராண்டைச் சான்சலர் (நம் பிரதமர் போன்ற பதவி) ஆக்கியது. கிழக்கோடு உறவைச் சீராக்குவதில் இருவருக்கும் ஒரே எண்ணம்.

1982-ல் வேலையில்லாத் திண்டாட்டமும் பட்ஜெட் பற்றாக்குறையும் முன்னுக்கு வந்தன. அக்கட்சியைச் சேர்ந்த பொருளாதார அமைச்சர் லாம்ப்ஸ்டோர்ஃப் சமூகநலச் செலவைக் குறைக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தார். சில நாட்களில் சமூக ஜனநாயகவாதிகளோடு இருந்த கூட்டணி உடைந்தது. அந்நாட்டில் ஆட்சியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, அதே வாக்கெடுப்பில் அடுத்த சான்சலரையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அக்டோபர் 1 அன்று சமூக ஜனநாயகவாதியான ஹெல்முட் ஷ்மிட்டை இறக்கி, கிறிஸ்தவ ஜனநாயகவாதியான ஹெல்முட் கோலை 256 வாக்குகளால் அமர்த்தினார்கள். இரண்டு ஆட்சியிலும் வெளியுறவு அமைச்சர் சுதந்திர ஜனநாயகக் கட்சித் தலைவரான அதே கென்ஷர்தான்.

அன்று அக்கட்சியின் ஹில்டகார்ட் ஹாம்-புரூக்கர் எழுந்து, மக்களிடம் கேட்காமல் இந்த மாற்றம் கூடாது என்று தன் தலைமைக்கு எதிராகவே பேசினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஷ்மிட்டோடு தொடர்வோம் என்று சொல்லித்தானே வாக்குக் கேட்டிருந்தார்கள்! என் மனம் முழுக்க அவர் பக்கம்தான். அணி மாறுவது குற்றமல்ல. பிரச்சினை மாறினால் கூட்டாளியும் மாறலாம். ஆனால் வாக்காளருக்குக் கொடுத்த வாக்கை அவரிடமே போய்த்தான் திரும்பப் பெற வேண்டும். 1980-ல் 10.6 சதவீதம் வாங்கிய கட்சி, 1983 மார்ச் தேர்தலில் 7 சதவீதத்துக்கு இறங்கியது.

அதே தேர்தலில் பசுமைக் கட்சி முதல்முறையாக நாடாளுமன்றத்துக்குள் வந்தது. சமூக ஜனநாயகவாதிகளுக்குக் கூட்டுச் சேர இன்னொரு வாசல் திறந்தது. 1998-ல் அவ்விருவரும் சேர்ந்து ஆட்சி அமைத்தபோது, யார் ஆள்வது என்பதைத் தீர்மானிக்கும் இடம் சுதந்திர ஜனநாயகக் கட்சியின் கையில் இல்லை.