மேம்பாலத்தில் நிறுத்திய கார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் எங்கள் தெருக்காரர்கள் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தினார்கள். பயந்த அளவுக்கு மழை இல்லை. 2021 டிசம்பர் 30 அன்று யாரும் எச்சரிக்கவில்லை, தி.நகரிலிருந்து வீடு வந்து சேர நள்ளிரவானது. மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திராவில், மூழ்கியது நாங்கள். பிறகு வானிலை அறிக்கை எதற்கு? எல்லாம் அவன் செயல் என்று இருந்துவிடலாமே? இன்னொன்று: மழைக்கு முன் சம்ப்பை (தரைக்குக் கீழுள்ள தண்ணீர்த் தொட்டியை) காலி செய்து வைக்கச் சொல்கிறார்கள். சரியா?

எஸ்., மடிப்பாக்கம்

அன்புள்ள எஸ்.,

மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். ஒவ்வொன்றும் பிசகிய விதம் வேறு.

2021-இல் பெய்தது புயல் மழை இல்லை. கடலோரத்தில் திரண்ட மேகக் கூட்டம் ஊருக்கு மேலேயே நின்று கொட்டியது. அன்று நம் வானிலைத் துறையின் முக்கியக் கணினி மாடல் பூமியைச் சுமார் 12 கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டிக் கணக்குப் போட்டது. மயிலாப்பூரும் வேளச்சேரியும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். அதற்குள் முளைக்கும் மேகம் மாடலின் கண்ணில் தனியாகப் படாது. ரேடாரின் கண்ணில் படும், ஆனால் மேகம் திரண்ட பிறகுதான். கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரம். அப்போது நீங்கள் ஆபீசில் இருப்பீர்கள்.

மிக்ஜாம் நேரெதிர். 2023 டிசம்பர் 5 அன்று பாபட்லா அருகே கரை கடந்தது என்பதை விடுங்கள். அதற்கு முந்தைய நாள் சென்னைக்குப் பக்கத்துக் கடலில் நத்தை வேகத்தில் ஊர்ந்ததே, அதுதான் உங்களை மூழ்கடித்தது. எல்லோரும் எங்கே கரை கடக்கும் என்று கேட்கிறார்கள். மணிக்கு எத்தனை கிலோமீட்டரில் நகர்கிறது என்று கேளுங்கள். பக்கத்தில் வந்து பத்துக்குக் கீழே இறங்கினால் காரை எடுத்துவிட வேண்டியதுதான்.

2024-இல் தாழ்வு மண்டலம் கொஞ்சம் வடக்கே ஒதுங்கியது. ஒரு நாள் முன்னால் சொல்லும் பாதையில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் பிசகுவது சாதாரணம்; இங்கிருந்து கும்மிடிப்பூண்டி போகும் தூரம்தான். மேம்பாலத்தில் நிறுத்தியவர்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. என் பார்வையில் அவர்கள் செய்ததுதான் சரி. செலவு ஒரு நாள் அலைச்சல். எஞ்சின் வரை முழுகிய காரை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போய், அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சினுக்குத் தனியாக இன்சூரன்ஸ் சேர்க்காதவருக்குப் பெரும்பாலும் பணம் வராது. மூழ்கிய காரில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

மழை எங்கே பெய்யும் என்பதில்தான் இத்தனை ஊகம். பெய்த தண்ணீர் எங்கே போகும் என்பதில் ஊகமே வேண்டாம். ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 2,230 லிட்டர். 2015 டிசம்பர் 1-2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. கிரவுண்டுக்கு 12,000 லிட்டர் லாரி ஒன்பது! உங்கள் பக்கத்துத் தண்ணீர் பள்ளிக்கரணைக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டுப் பக்கம் கடலைச் சேர வேண்டும். கடல் ஏற்றத்தில் இருந்தால் அங்கே வாங்காது. அதனால் மழை விட்ட பிறகும் தெருவில் மட்டம் ஏறும். வெயிலைப் பார்த்ததும் காரைத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

2015-லும் 2023-லும் தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் பெயின்ட்டால் கோடு போட்டு வையுங்கள். மெயின் போர்டும் இன்வெர்ட்டரும் அந்தக் கோட்டுக்கு ஒரு அடியாவது மேலே இருக்க வேண்டும். லிஃப்டை இரண்டாம் மாடியில் நிறுத்தி மெயினை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் பல லிஃப்டுகள் தானாகத் தரைத்தளத்துக்கு இறங்கிக் குழித் தண்ணீரில் உட்கார்ந்துகொள்ளும்.

சம்ப்பைக் காலி செய்யாதீர்கள். மண் ஊறி நிலத்தடி நீர் ஏறும்போது காலி சம்ப் படகு மாதிரி மேலே தூக்கும். ஃபைபர் தொட்டி என்றால் பெயர்ந்தே வரும், சிமென்ட் என்றால் அடித்தளம் விரிசல் விடும். மேல் தொட்டியை நிரப்பிவிட்டு, சம்ப்பையும் நிரப்பி மூடி, மோட்டார் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். வெள்ளம் உள்ளே போயிருந்தால், வெளியே மட்டம் நன்றாக இறங்கிய பிறகு இறைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். மறுபடி நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு இரவு விட்டு, அதையும் இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் புதுத் தண்ணீர்.